சாட்சிக்காரர் சம்சாரம்

எங்கள் சபையில் பெண்கள் நகை போடக்கூடாது. கம்மல், மூக்குத்தி, கண்ணாடி வளையல்கூடக் கூடாது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குத்தான் ஒரு பட்டப்பேர் இருந்ததே. "சாட்சிக்காரர் சம்சாரம்" என்பார்கள். கழுத்து நிறையச் சங்கிலி போட்டவள்கூட அவ்வளவு நிமிர்ந்து நடந்திருக்க மாட்டாள். பிற்பாடு அதே பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், காது கேட்காதவள் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். யார் பேரும் இதில் வராது. என் வீட்டுக்காரர் பேரும் வராது. அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு காலனியில் இருந்தோம். என் அப்பா காலம் வரைக்கும் எங்கள் ஜனங்கள் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அறுத்து, களம் பெருக்கியவர்கள். என் வீட்டுக்காரர் காலத்தில்தான் ஆம்பிளைகள் ஒவ்வொருவராகப் பட்டறை, மில் என்று போக ஆரம்பித்தார்கள். அவருக்கு ஓர் இரும்புப் பட்டறையில் உலைக்குப் பழைய இரும்பு அள்ளிப் போடுகிற வேலை. நாள் பூராவும் சூட்டில் நிற்பார். வேலை விட்டதும் நேராக ஏரிக்கரைதான். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. யாருக்கு விலக்கோ தெரியாது, எங்கள் ஏரிக்கரைச் சவுக்குத் தோப்பில் மண்ணுக்குள் பானை பானையாகச் சாராயம் இருந்தது.

குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை அவர். அதைச் சொல்லிவிட வேண்டும். குடித்தால் பேசுவார். மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவார், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இருமிக் காட்டுவார். காலனியே நின்று சிரிக்கும். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். எங்கள் வீட்டில்தான் அடுப்பு எரியாது. கல்யாணத்துக்கு என் அம்மா ஒரு பித்தளை அண்டா கொடுத்திருந்தாள். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுக் குடித்துவிட்டு வந்து, "தண்ணி குடு மே" என்றார். தண்ணீர் பிடித்து வைக்க எனக்கு வீட்டில் வேறு பாத்திரம் இல்லை. அன்றைக்கு நான் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

அப்புறம் ஒரு தடவை சரக்கு சரியில்லாமல் போய் இரத்தமாக வாந்தியெடுத்தார். பிழைக்க மாட்டார் என்று பக்கத்து வீட்டு ஆம்பிளைகளே சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் எங்கள் பாஸ்டர் வந்தார். தெற்கத்திக்காரர். ரயில்வே கேட்டுப் பக்கம் கீற்றுக்கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பங்களை வைத்து ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்த மனுஷன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, நாற்றம் என்று பார்க்காமல் என் வீட்டுக்காரர் தலையை மடியில் தூக்கி வைத்துக் கஞ்சித்தண்ணி ஊட்டினார். கை கால் உதறிக் கத்திய நாட்களெல்லாம் கூடவே இருந்தார். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் நான் அவரைப் பற்றி என்ன சொன்னாலும் யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். குடியை விட்டார். ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தார், நானும் எடுத்தேன். குடிக்கும்போது சுட்ட நெத்திலிக் கருவாடுதான் அவருக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். "இனிமே அத்த ஊட்டுக்குள்ள கொண்டாராத மே, வாசனை வந்தா மனசு கெடுது" என்று அவராகவே சொன்னார். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கருவாட்டுக் கூடைக்காரி வந்தால் தெருக்கோடியிலேயே பேசி அனுப்பிவிடுவேன். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் இவர் எழுந்து கேட்டுப் பக்கம் போய் ரயில் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். முதல் தடவை இவர் எழுந்து இப்படிச் சொன்னார்: "குடிச்சேன். கெட்டேன். ஆண்டவர் தூக்கி வுட்டாரு. இப்ப குடிக்கிறதில்ல. தோத்திரம்." இவ்வளவுதான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அதோடு நின்றிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் பாஸ்டர், "கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க பிரதர், இதே கஷ்டத்துல இருக்கிறவங்க கேக்கணும்ல" என்றார். நியாயமான பேச்சுதான். இவரும் விளக்கமாகச் சொன்னார். அண்டா விஷயத்தைச் சொன்னார். ஜனங்கள் முதலில் "ஐயோ" என்றார்கள். அப்புறம், "தண்ணி குடு மே" என்று இவர் கேட்ட விதத்தில் சொன்னதும் கொட்டகையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததும் நானும் சிரித்தேன்.

அன்றைக்குப் பிடித்தது. கவரைப்பேட்டையில் வீட்டுக் கூட்டமா, இவர் வர வேண்டும். ஆரம்பாக்கத்தில் சுவிசேஷக் கூட்டமா, இவர் வர வேண்டும். மணவாள நகரில் ஒரு கூட்டத்துக்கு நோட்டீஸே அடித்துவிட்டார்கள், "குடியிலிருந்து மீட்கப்பட்ட சகோதரரின் சாட்சி" என்று பெரிய எழுத்தில். இவருக்குப் பேச்சு வரும் என்பது காலனிக்குத்தான் முன்னமே தெரியுமே. சாராயம் போய்விட்டது, பேச்சு அப்படியே இருந்தது. தள்ளாடி நடந்து காட்டுவார். எருக்குழியில் விழுந்து கிடந்ததைக் காட்டுவார். பானை மூடியைத் தூக்கினால் வருகிற வாசனையை, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் இழுத்துக் காட்டுவார். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே மேடைக்குக் கிட்டே வந்து உட்காரும். மீட்கப்பட்ட பாகம் மட்டும் போகப் போகச் சுருங்கி, கடைசியில் ஒரே வரியானது.

நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். அதைவிட வேறு காரியம் எனக்கு முக்கியமாக இருந்தது. வெள்ளைப் புடவை கட்டி, முன் பாயில் பாஸ்டர் அம்மாவுக்கு, அதாவது பாஸ்டர் சம்சாரத்துக்கு, பக்கத்தில் எனக்கு இடம். கூட்டம் முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "எப்பிடிம்மா ஜெபம் பண்ணீங்கோ? எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு வார்த்த ஜெபம் பண்ணுங்கோ" என்பார்கள். நான் கண்ணை மூடி அவர்கள் தலையில் கை வைப்பேன். களத்துமேட்டில் நெல் தூற்றும்போது நிழலில் ஒதுங்கினால்கூட அதட்டு வாங்கியவள் நான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் அழுதால் யாருக்குத்தான் தலை நிற்கும்.

மணவாள நகர்க் கூட்டம் முடிந்து வீடு வந்த மறுநாள் மத்தியானம் தட்டு முன்னால் உட்கார்ந்தவர், "கருவாடு கீதா மே?" என்றார்.

அது அவராகவே வேண்டாம் என்று விலக்கியது. அப்புறம், பாவம், ஊர் ஊராகப் போய்ப் பேசி நாக்குச் செத்துப்போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிச் சுட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கு அப்புறமும் கேட்டார். கூடைக்காரியைத் தெருக்கோடியில் நிறுத்துவதை நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவரே சொன்னார். வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே சாட்சி சொல்லப் போறதில்ல மே. பாஸ்டராண்ட நீயே சொல்லிடு."

"இன்னாத்துக்கு?"

"பானையத் தொறக்கிற கட்டம் கீதே, அத்தச் சொல்லும்போது வாயில தண்ணி ஊறுது. முன்னல்லாம் இல்ல. இப்ப ஊறுது. ஜனங்க சிரிச்சிக்கினு கீறாங்க, நான் அங்க நின்னுக்கினே குடிச்சிக்கினு கீறேன். வேணாம். பயமா கீது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? சொன்னது புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்ன பதில் இதுதான்: "அது பிசாசு வேலை. உன் சாட்சியால அவன் ராஜ்யம் ஆடுது. அதான் உன் வாயக் கட்டப் பாக்குறான்." சபையில் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. திருவள்ளூரில் பெரிய கூட்டம் ஒன்று வரப்போகிறது என்பதும், அதில் முன் பாய் எனக்குத்தான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன், ஆனால் இவர் சொல்லச் சொன்னபடி சொல்லவில்லை. "ஐயா, அவருக்குச் சோர்வு வந்துட்டுது, சாட்சி சொல்ல மாட்டேன்றாரு" என்றேன். வாயில் தண்ணீர் ஊறுவதைச் சொல்லவேயில்லை. பாஸ்டர் முகம் மாறியது. "இது ஊமை ஆவி தங்கச்சி, விடக்கூடாது" என்றார். உபவாச ஜெபம் வைத்தார்கள். சபையே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கூடியது. இவரை நடுவில் முழங்கால் போட வைத்து, தலையிலும் தோளிலும் கை வைத்து அதட்டினார்கள். கஞ்சிராச் சத்தத்தில் காது அடைத்துப்போனது. "வெளியே போ" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான். அவருக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில், "சரி, சொல்றேன்" என்றார். எல்லாரும் அல்லேலூயா போட்டோம்.

ஆவி ஓடிவிட்டது என்று பாஸ்டர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். ஓடினது எது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த மனுஷனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பயம்தான் ஓடினது. சோதனையைக் கண்டு ஒதுங்கிப் போனவரைப் பிடித்து இழுத்து வந்து, அதன் வாயிலேயே நிறுத்தினோம். அதையும் நோன்பு இருந்து, ஆண்டவர் பேரைச் சொல்லிச் செய்தோம். 

அந்தச் சமயத்தில்தான் மதுவிலக்கை எடுத்துவிட்டு அரசாங்கமே கடை திறந்தது. அதுவரைக்கும் தோப்பில் ஒளிந்திருந்தது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போர்டு மாட்டிக்கொண்டது. அதற்காகவே நாலைந்து சபைகள் சேர்ந்து திருவள்ளூரில் பெரிய கூட்டம் போட்டார்கள். சாயங்காலம், மைதானம் முழுக்க டியூப் லைட், மைக் செட். இவருக்குப் புதுச் சட்டை. நான் முன் பாயில்.

அன்றைக்குச் சொன்ன மாதிரி அவர் என்றைக்கும் சொன்னதில்லை. அண்டாவுக்கு மைதானமே சிரித்தது. எருக்குழிக்கு விழுந்து விழுந்து சிரித்தது. பானைக் கட்டம் வந்தது. கண்ணை மூடினார். மூக்கால் இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று பக்கத்திலிருந்தவள் அழ ஆரம்பித்தாள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அவர் தொண்டை தெரிந்தது. அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நானும் கையைத் தூக்கி "தோத்திரம்" என்றேன்.

ஜனங்கள் கும்பல் கும்பலாக ஜெபத்துக்கு முன்னால் வந்தார்கள். அந்தக் கும்பலில் இவரைக் காணவில்லை. பாஸ்டரும் நானும் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனோம். புதிதாகத் திறந்த கடை. உள்ளே பெஞ்சில், புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒரே கூட்டம். அங்கேயும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி குடு மே" என்று அவர் சொன்னதும் கடைக்காரர்கள், குடிக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மைதானத்தில் எந்த இடத்தில் சிரித்தார்களோ அதே இடத்தில். பாஸ்டர் வாசலிலேயே நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் சபையில் நடந்ததைக் கேட்க வேண்டியதில்லை. நோட்டீஸில் அவர் சாட்சி இல்லை. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற இராப்போஜனம் அவருக்கு நிறுத்தப்பட்டது. என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, நானாகவே பின் பாய்க்குப் போனேன். என் கையைப் பிடித்த பெண்களெல்லாம் செருப்புத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்கள். அவர் விழுந்துவிட்டாரே என்பதைவிட என் இடம் போய்விட்டதே என்ற ஆத்திரம்தான் எனக்கு அதிகம். அந்த ஆத்திரத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். "என் மானத்த வாங்கிட்டியே" என்றேன். 

ஆனால் அவர் மறுபடி குடிக்கவில்லை. அந்த ஒருநாளோடு சரி. உடம்பு உதறியது, சமாளித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார், வந்தார். கருவாட்டை மறுபடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் கழித்துப் பாஸ்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். "விழுந்து எழுந்தவன் சாட்சிக்கு இன்னும் வல்லமை உண்டு பிரதர். ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். இவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கம் அவர் வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு, காலை நாஷ்டா முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போவார். மெட்ராஸ் போகிற பாசஞ்சரில் ஏறுவார். மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவார். "எங்க போய்க்கினு வர?" என்று கேட்டால், "சும்மா" என்பார். எங்கே போவார், குடிக்கத்தான் போவார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சபையை விட்டவன் வேறு எங்கே போவான்? வந்து சட்டையைக் கழற்றினதும் எடுத்து முகர்ந்து பார்ப்பேன். வேர்வை நாற்றம்தான் இருக்கும். ஒருநாளும் சாராய வாடை வந்ததில்லை. வரவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டியவள், வாடை தெரியாமல் குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், பிசாசு எவ்வளவு தந்திரக்காரன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குத்திப் பேசினேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று வைராக்கியம். அதே ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். பொன்னேரியில் இறங்கினார். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும், அங்கே ஒரு சாராயக்கடை இருந்தது. அது வருவதற்கு முன்னாலேயே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். தலையைக் குனிந்துகொண்டு, பட்டறையில் சங்கு ஊதிவிட்ட மாதிரி வேகமாக நடந்தார். கடையைத் தாண்டினதும் மறுபடி இந்தப் பக்கம் வந்தார். 

ஊருக்கு வெளியே ஒரு பழைய மிஷன் கோயில். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். உள்ளே போனார். நான் மதில் ஓரமாகப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் நாங்கள் அந்த மாதிரிக் கோயில்களைக் கேலி பண்ணுவோம், உயிரில்லாத கோயில், புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிறவர்கள் என்று. அங்கே ஐயர் என்றால் பாதிரியார். அவர் ஒரு வரி வாசித்தார், ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பதில் சொன்னார்கள். யாரும் தனியாக எழுந்து எதையும் சொல்லவில்லை, யாரையும் யாரும் கேட்கவில்லை. எல்லார் வாயோடும் சேர்ந்து இவர் வாயும் அசைந்தது. அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். முடிந்ததும் அவரோடு சேர்ந்து அதே ரயிலில் வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு, ஒரு நல்ல குழம்பு வைத்துப் போட்டிருக்கலாம். இதில் எதுவுமே கஷ்டமான காரியம் இல்லை.

நான் அவருக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஓடி, வந்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் அடக்கிக்கொண்டிருந்தேன், அதுவே பெரிய பாடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பின் பாயிலிருந்து எழுந்தேன். ரயிலைச் சொன்னேன். முக்காட்டைச் சொன்னேன். சாராயக்கடைக்கு முன்னால் ரோட்டைத் தாண்டினதை, அவர் மாதிரியே தலையைக் குனிந்து நடந்து காட்டினேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். கொட்டகையே அழுதது. முடிந்ததும் பாஸ்டர் அம்மா வந்து என் கையைப் பிடித்து முன் பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே பாஸ்டர் சந்தோஷம் தாங்காமல் பொன்னேரிக்கு ரயிலேறிப் போய், அந்தக் கோயில் ஐயரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். கடைசி பெஞ்சுக்காரர் யார் என்று அதுவரைக்கும் அந்த ஐயருக்கே தெரியாதாம். அவரும் நல்லவர்தான். அடுத்த ஞாயிறு அவர்களுக்கு அறுப்பின் பண்டிகை. பூசணிக்காயும் நெல்லும் கோழியும் கொண்டுவந்து படைத்து, எல்லாரும் கூடியிருந்த நேரத்தில், "நம்ம நடுவுல ஒரு சகோதரர் இருக்கிறார், ஆண்டவர் அவருக்குச் செய்ததை இரண்டு நிமிஷம் சொல்வார்" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கை நீட்டியிருக்கிறார்.

அன்றைக்கு இவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நான் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"அங்கியும் வந்துட்டியா மே" என்றார். கோபமே இல்லை குரலில். "அங்க எல்லாரும் ஒண்ணா சொல்லுவாங்கோ. என்னிய மட்டும் தனியா எய்ந்து நில்லுன்னு யாரும் கேக்க மாட்டாங்கோ. அந்த ஒரு எடந்தான் இருந்துச்சு எனக்கு."

"நல்லதத்தானே சொன்னேன்" என்றேன்.

"நல்லதுதான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. சவுக்குத் தோப்பு இருந்த இடமும் அவருக்கு மறந்துபோகவில்லை. பிற்பாடு அரசாங்கம் கடைகளை மூடியது, அவர் கடையை நம்பிக் குடித்தவர் இல்லை. இந்தத் தடவை யாரையும் சிரிக்க வைக்கவில்லை. சத்தமில்லாமல் குடித்தார், சத்தமில்லாமல் வந்து படுத்தார். பட்டறை வேலை போனது. உடம்பு வீங்கியது. பாஸ்டர் வந்து முன்போலவே மடியில் தலையை வைத்துக்கொண்டார், இந்தத் தடவை கஞ்சி உள்ளே இறங்கவில்லை. அடக்கம் முடிந்ததும், "உங்க அனுபவத்தைச் சபையில சொல்லணும் தங்கச்சி" என்று யாரோ ஆரம்பித்தார்கள். பாஸ்டரே கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அவருக்கும் புரிந்திருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதேயில்லை.

பிசாசு சாராயக்கடை வாசலில்தான் நிற்பான் என்று நினைத்திருந்தேன். அவர் அவனை அங்கே பார்த்து, ரோட்டைத் தாண்டிப் போகத் தெரிந்தவர். என்னிடம் அவன் வந்தது முன் பாயில், நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத நேரத்தில். நான் எந்த ரோட்டையும் தாண்டவில்லை. அவனுக்கு நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறேன். சாட்சி நேரத்தில் யாராவது என்னைப் பார்த்தால், "தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இதை எழுதுவதும் ஒரு சாட்சிதானே என்று கேட்கலாம். அதனால்தான் பேர் போடவில்லை. எத்தனையோ ஊரில் அவரை எழுப்பி நிற்க வைத்தாயிற்று, இதிலாவது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்.

அறுப்பின் பண்டிகையன்று மத்தியானம், வாசற்படியிலிருந்து எழுந்து வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். சோற்றில் கை வைத்தார். அப்புறம் தலை நிமிராமல், "கருவாடு கீதா மே?" என்று கேட்டார். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல அன்றைக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது. பக்கத்து வீட்டில் போய் வாங்கிவந்து, சுட்டுக் கொடுத்தேன்.